குரல் நின்றுவிட்டது, கதவை ஏன் இன்னும் சாத்துகிறான்?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 25 வயது. பெரம்பூரில் டூவீலர் மெக்கானிக். வண்டிச் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். போன வருஷம் பட்டறைக்குப் போவது குறைந்தது, நண்பர்களைத் தவிர்த்தான். சில மாதம் கழித்துக் காதில் யாரோ பேசுவதாகச் சொன்னான். காலையில் மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடும் பாட்டு, தன்னைக் கொல்ல வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தகவல் என்று நம்பினான். பாட்டு கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று சொல்லி ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள். இப்போது தினம் 6 மி.கி. கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிபெனிடைல் 2 மி.கி. இரண்டு வேளை. பத்து மாதம் ஆகிறது.

குரல் ஆறேழு வாரத்தில் நின்றது. பாட்டைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்கிறான். ஆனால் பாட்டு கேட்டால் இன்றும் எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறான். ஏன்டா என்றால், "தெரியலக்கா, கால் தானா போகுது" என்கிறான். பட்டறைக்குப் போவதில்லை. கொண்டுபோய் நிறுத்தி, இதைச் செய் என்றால் சரியாகச் செய்கிறான், தானாக எதையும் தொடுவதில்லை. பிரியாணி வாங்கி வந்து வைத்தால் ரசித்துச் சாப்பிடுகிறான், தெருமுனையில் போய் வாங்கி வா என்றால் படுத்துக்கொள்கிறான்.

ஆடி மாதம் அம்மா கோயிலில் வேண்டிக்கொண்டு மாத்திரையைப் பன்னிரண்டு நாள் நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் பழைய தம்பி திரும்பி வந்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைத் தானே பிரித்துச் சரிசெய்தான், சிரித்துப் பேசினான். பத்தாம் நாள் தூக்கம் போனது. பன்னிரண்டாம் நாள் பீரோவை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். மறுபடி மாத்திரை, மறுபடி அமைதி. மாத்திரை அவன் மூளையைக் கட்டிப்போட்டிருக்கிறதா? கற்ற தொழில் மறந்துவிடுமா? அந்த ஐந்தாம் நாள் பார்த்தேனே, அவன்தான் என் உண்மையான தம்பியா?

பதில்: அன்புள்ள சகோதரி, இருபது வருஷத்துக்கு மேலாகச் சென்னையில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். ஒருவரைப் பத்து, பதினைந்து நிமிஷம் பார்த்துவிட்டு நாங்கள் எழுதும் குறிப்பில் வராத மூன்று விஷயங்களை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கதவு, பிரியாணி, ஐந்தாம் நாள். இந்த மாத்திரை மூளையில் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதை இந்த மூன்றையும் வைத்தே சொல்லிவிடலாம். அதற்கு முன் ஒன்று. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவோ அளவைக் குறைக்கவோ வேண்டாம். அது உங்கள் டாக்டரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. என்ன பேசுவது என்று கீழே எழுதுகிறேன்.

டோபமின் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'இன்பம் தரும் ரசாயனம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பாதிகூட உண்மையில்லை. மெரினாவில் ஒரு குழந்தை மணலில் விளையாடிக்கொண்டிருக்கிறது. "தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்" என்று தூரத்தில் குரல் கேட்டதும் தலை திரும்புகிறது. சுண்டல் இன்னும் கைக்கு வரவில்லை, ஆனாலும் எழுந்து நின்றுவிட்டது. அந்தத் தலைதிருப்பலில்தான் டோபமினின் வேலை இருக்கிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் டோபமின் செல்களை அளந்து பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்தால் அப்புறம் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்பு சாறிலிருந்து விளக்குக்கு நகர்ந்துவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. அதாவது 'நினைத்ததைவிட நல்லது, இதைக் குறித்துக்கொள்' என்றும், 'நினைத்தது வரவில்லை, கணக்கைத் திருத்து' என்றும் மூளைக்குச் சொல்கிற குறியீடு அது. நாம் எதைக் கவனிக்கிறோம், எதற்காக எழுந்து போகிறோம், எதிலிருந்து பாடம் கற்கிறோம் என்பதெல்லாம் பெருமளவு அந்தக் குறியீட்டை நம்பி நடக்கின்றன.

உங்கள் தம்பியின் நோயில் இந்தக் குறியீடு தப்பான இடத்தில் விழுந்தது. ஸ்கிசோஃப்ரினியா உள்ள பலருக்கு ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியில் டோபமின் அளவுக்கு மீறி உற்பத்தியாகி வெளியாகிறது. அப்போது குப்பை வண்டிப் பாட்டு, எதிர்வீட்டுக்காரர் இருமுவது, செய்தி வாசிப்பவரின் சட்டை நிறம் என்று ஒன்றுமில்லாத விஷயங்களின் மேலெல்லாம் 'இது முக்கியம், இது உனக்காக' என்ற முத்திரை விழுகிறது. முத்திரை விழுந்துவிட்டால் மனசு சும்மா இருக்காது, ஒரு காரணத்தைத் தேடும். 'கொல்ல வருகிறார்கள்' என்பது அப்படித் தேடிக் கண்டுபிடித்த காரணம். ஷிதிஜ் கபூர் என்ற இந்திய வம்சாவளி மனநல மருத்துவர் 2003இல் இதை விளக்கி எழுதிய கட்டுரையைப் படித்தபிறகு, நோயாளிகளின் பேச்சை நான் கேட்கும் விதமே மாறியது. பைத்தியக்காரத்தனம் என்று மற்றவர்கள் ஒதுக்குவதில், ஒரு மனிதர் தனக்கு நடப்பதைப் புரிந்துகொள்ளப் படும் பாடு தெரிந்தது.

சரி, மாத்திரை என்ன செய்கிறது? பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நரம்புச் செல்களின் மேல் டோபமின் வந்து உட்காரும் சீட்டுகள் இருக்கின்றன, ஏற்பிகள் என்று சொல்வோம். அவற்றில் டி2 என்ற வகையின் மேல் ரிஸ்பெரிடோன் துண்டு போட்டுவிடுகிறது. டோபமின் வருகிறது, உட்கார இடமில்லை. துண்டு பயணியில்லை, அதனால் செல்லுக்கு எந்தச் செய்தியும் போகாது. 1970களின் நடுவில் டொரொன்டோவில் ஃபிலிப் சீமனும், அமெரிக்காவில் சாலமன் ஸ்னைடரும் தனித்தனியாக இதைக் காட்டினார்கள். அன்றிருந்த மனநோய் மருந்துகளில் எது இந்தச் சீட்டை இறுக்கமாகப் பிடிக்கிறதோ, அது குறைந்த மில்லிகிராமிலேயே வேலை செய்தது. தளர்வாகப் பிடிக்கும் மருந்துக்கு நூற்றுக்கணக்கில் மில்லிகிராம் தேவைப்பட்டது.

எத்தனை சீட்டில் துண்டு விழ வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், நூற்றுக்கு 65 அளவுக்கு மறைந்தபோது பலருக்குக் குணம் தெரிய ஆரம்பித்தது. ஏறக்குறைய 78ஐத் தாண்டினால் கை நடுக்கம், உடல் இறுக்கம், நடை மெதுவாவது போன்றவை தலைகாட்டின. இடைவெளி எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். ரிஸ்பெரிடோன் 2 மி.கி. பலருக்கு அந்தக் கீழ்வரம்பைத் தொட்டுவிடும். 6 மி.கி. என்பது மேல்வரம்பை ஒட்டி நிற்கிற அளவு. ஆளுக்கு ஆள் மாறும்தான், சிலருக்கு 6 தேவையும்படும். ஆனால் உங்கள் தம்பிக்குக் கை நடுங்கியது, அதற்கு இன்னொரு மாத்திரை சேர்ந்தது என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

இப்போது கதவுக்கு வருகிறேன். இந்த மருந்துகளில் மூத்தது குளோர்புரோமசின். 1950இல் பிரான்சில் ஒரு மருந்து நிறுவனத்தில் உருவானது, 1952இல் பாரிஸில் ழான் டிலேயும் பியேர் டெனிக்கரும் மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த வருஷமே அதை எலிகளிடம் சோதித்த விவரம் வெளிவந்தது. மணி அடிக்கும், கொஞ்ச நேரத்தில் தரையில் மின்சாரம் பாயும். மணி கேட்டதுமே மேலே ஏறிவிட்டால் தப்பிக்கலாம் என்று எலி கற்றுக்கொள்கிறது. மருந்து கொடுத்தபின் மணி அடித்தால் எலி ஏறுவதில்லை. ஆனால் மின்சாரம் பட்டதும் சட்டென்று ஏறுகிறது. காலில் பலம் இருக்கிறது, வலி தெரிகிறது, ஏறவும் தெரிகிறது. மணிக்கு இருந்த அதிகாரம் மட்டும் போய்விட்டது. வெகுகாலம் ஒரு புதிய மருந்து மனநோய்க்கு உதவுமா என்று பார்க்க விஞ்ஞானிகள் இதே சோதனையைத்தான் நம்பினார்கள். பிந்தைய சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. மருந்து சிறிய அளவாக இருந்தால் அந்த அதிகாரம் ஒரே நாளில் போவதில்லை, நாளுக்கு நாள் கரைகிறது. மருந்தை நிறுத்தினால் பழையபடி திரும்பவும் கூடும். அழியவில்லை, அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் தம்பிக்குக் குரல் ஒரே நாளில் நிற்காமல் ஆறேழு வாரம் எடுத்ததற்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. மாத்திரை சில மணி நேரத்திலேயே சீட்டுகளைப் பிடித்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் மனசு கட்டி வைத்த நம்பிக்கை, புதிய முத்திரைகள் விழாத நிலையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வலுவிழக்கும். மருந்து ஒரு எண்ணத்தையும் பிடுங்கி எறிவதில்லை. அந்த எண்ணத்துக்குத் தீனி போடுவதை நிறுத்துகிறது.

அப்படியானால் கால் மட்டும் ஏன் போகிறது? இங்கே இரண்டு விஷயம் சேர்கிறது. பலமுறை செய்து ஊறிப்போன செயல் டோபமினை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. புதிதாகக் கற்கும்போதுதான் அது அதிகம் வேண்டும். சைக்கிள் பெடல் மாதிரி பழகிவிட்டால் தானாக ஓடும். அதனால் நம்பிக்கை போனபிறகும் கதவுப் பழக்கம் நிற்கலாம். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். 1953இல் ரிச்சர்ட் சாலமன், லைமன் வின் என்ற இருவர் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு இது. இங்கே மருந்தே கிடையாது. எச்சரிக்கை வந்ததும் தடுப்பைத் தாண்டிக் குதித்தால் மின்சாரத்திலிருந்து தப்பிக்கலாம் என்று நாய்கள் கற்றன. பிறகு மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்கள். நாய்கள் நூற்றுக்கணக்கான முறை குதித்துக்கொண்டே இருந்தன. குதித்துவிடுவதால், குதிக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதை அறியும் வாய்ப்பே அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

தம்பி தினமும் கதவைச் சாத்துகிறார், தினமும் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் மூளையின் கணக்கில் அது 'பாட்டு ஆபத்தில்லாதது' என்று ஏறவில்லை, 'கதவைச் சாத்தியதால் தப்பித்தோம்' என்று ஏறுகிறது. இந்தக் கணக்கை எந்த மாத்திரையாலும் மாற்ற முடியாது. கதவு திறந்திருக்க, பாட்டு ஒலித்து, ஒன்றும் நடக்காமல் போகிற அனுபவம் மட்டும்தான் மாற்றும். மாத்திரை அந்த அனுபவத்தைத் தாங்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்திருக்கிறது. மிச்ச வேலை உங்களுடையது, அவருடையது.

எப்படிச் செய்வது? முதலில் டாக்டரிடமோ, முடிந்தால் ஒரு மருத்துவ உளவியலாளரிடமோ சொல்லுங்கள், தம்பியின் சம்மதம் கட்டாயம். அவரே ஒன்றுமில்லை என்று சொல்லும் நாட்களில்தான் இது சரிப்படும். மறுபடி பயம் இருக்கும்போது கட்டாயப்படுத்தினால் நம்பிக்கை முறிந்துவிடும். காலையில் வண்டி வரும் நேரத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் வாரம் கதவைச் சாத்தட்டும், தாழ்ப்பாள் மட்டும் போட வேண்டாம். ஃபேன் ஓடட்டும். அடுத்து ஒருக்களித்த கதவு. அப்புறம் திறந்த கதவு, அவர் உள்ளே. பிறகு வாசற்படி. கடைசியில் குப்பைக் கூடையை அவரே எடுத்துப்போய்க் கொடுக்கலாம், வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசலாம். ஒவ்வொரு படியிலும் பாட்டு தொடங்குமுன், "இன்னிக்கு என்ன ஆகும்னு தோணுது?" என்று கேளுங்கள். வண்டி போனபிறகு, "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அவ்வளவு போதும், அறிவுரை வேண்டாம். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை அவர் வாயால் சொல்வதுதான் மருந்து. ஆறு மாதம் கழித்துக் காய்ச்சலிலோ தூக்கம் கெட்ட ஒரு நாளிலோ, அல்லது உறவினர் ஊரில் வேறொரு வண்டிச் சத்தத்திலோ பழைய ஓட்டம் திரும்பினால் பதற வேண்டாம். பழைய பாடம் அழியாது, புதிய பாடம் அதன் மேல் ஏறி உட்காரும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் இது.

பிரியாணி விஷயத்தில் கொஞ்சம் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் உடைந்துபோகும் இடம் இதுதான்.

நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவை மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயன்படுத்தியதைப் பற்றி 1931இலேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற மருத்துவர்கள் எழுதினார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின், மூளையில் டோபமினின் கையிருப்பைக் காலி செய்யும். 1957இல் சுவீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காதுகள் தொங்க, அசையாமல் உட்கார்ந்துவிட்டன. டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவைக் கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்தன. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த முயல்களுக்கு நடக்கத் தெரியாமல் போய்விடவில்லை. நடக்கத் தொடங்குவதுதான் முடியாமல் போயிருந்தது.

ஜான் சாலமோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளுக்கு இரண்டு வழி வைத்தார். ஒரு பக்கம் கொஞ்சம் தீனி, சும்மா போய் எடுக்கலாம். இன்னொரு பக்கம் நிறையத் தீனி, ஆனால் ஒரு தடுப்பில் ஏற வேண்டும். சாதாரண எலி ஏறிப்போய் நிறைய எடுத்தது. டோபமினைத் தடுத்த எலி, எளிதில் கிடைக்கும் கொஞ்சத்தோடு நின்றுகொண்டது. இரண்டு பக்கத்திலும் தடுப்பு இல்லையென்றால் அதுவும் நிறைய இருக்கும் பக்கமே போனது. ருசி போகவில்லை, பசி போகவில்லை, கணக்கும் தெரிகிறது. அதற்காக எழுந்து பாடுபட வைக்கும் உந்துதல்தான் குறைந்திருக்கிறது. தட்டில் வைத்தால் ரசித்துச் சாப்பிட்டு, தெருமுனை வரை நடக்கச் சொன்னால் படுத்துக்கொள்ளும் உங்கள் தம்பியை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு அப்பாவிடம், "பையனுக்கு நோய் சரியாகிவிட்டது, மிச்சம் சோம்பேறித்தனம், கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்" என்று சொன்னேன். அவரும் கண்டிப்பாக இருந்தார். அடுத்த முறை அந்தப் பையன் என் முகத்தையே பார்க்கவில்லை. அன்று நான் சொன்னது தவறு, அதன் வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. தயவுசெய்து உங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம்.

ஆனால் எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போடவும் முடியாது. குரல் கேட்கத் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே பட்டறையும் நண்பர்களும் விட்டுப்போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது மாத்திரை இல்லை. ஆர்வம் வற்றிப்போவது இந்த நோயின் சொந்தக் குணமும்கூட, அதை இந்த மருந்துகள் அவ்வளவாகச் சரிசெய்வதில்லை. ஆக நோய் கொஞ்சம், மருந்தின் அளவு கொஞ்சம். இரண்டோடும் சேர்ந்து மனச்சோர்வும் இருக்கலாம், அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அந்த ட்ரைஹெக்ஸிபெனிடைல். அது நடுக்கத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் அசெட்டில்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தைத் தடுக்கிறது, அது புதிதாக எதையும் மனத்தில் பதிய வைக்கத் தேவையானது. வாய் உலர்வு, மலச்சிக்கல், மங்கலான பார்வையோடு ஞாபகத்திலும் கை வைக்கும். நம் ஊரில் இதை ஆரம்பத்தில் எழுதிவிட்டு, வருஷக்கணக்கில் அப்படியே தொடர்வதை நிறையப் பார்க்கிறேன். முக்கிய மாத்திரையின் அளவு குறைந்தால் இதற்கான தேவையே பலருக்கு இல்லாமல் போகும். இதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

கற்ற தொழில் மறக்குமா என்றால், மறக்காது. அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். இத்தனை மாதம் தானாக ஸ்பேனரைத் தொடாத கை, ஐந்தாம் நாள் ஒரு ஸ்கூட்டரை முழுசாகப் பிரித்து மாட்டியது. அறிவு எங்கேயும் போகவில்லை.

அந்த ஐந்தாம் நாள்தான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று தெரிகிறது. அம்மாவை யாரும் குறை சொல்ல வேண்டாம். பிள்ளை எழுந்து நடமாட வேண்டும் என்று ஆசைப்பட்ட தாய் அவர். அன்று என்ன நடந்தது? மாத்திரை உடம்பிலிருந்து இறங்க இறங்க, துண்டுகள் விலகின, டோபமின் மறுபடி உட்கார்ந்தது. உந்துதல் திரும்பியது. நீங்கள் பார்த்த சிரிப்பு நிஜம். ஆனால் துண்டு போட்டிருந்த மாதங்களில் மூளை சும்மா இருக்கவில்லை. செய்தி சரியாக வரவில்லையே என்று கூடுதல் சீட்டுகளைப் போட்டிருக்கும், இருக்கிற சீட்டுகளின் கூர்மையையும் கூட்டியிருக்கும். விலங்குகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. துண்டுகளை ஒரேயடியாக எடுத்தால், கூட்டிய சீட்டுகள் எல்லாவற்றிலும் டோபமின் ஏறிவிடும். பத்தாம் நாள் தூக்கத்தைக் கெடுத்ததும், பன்னிரண்டாம் நாள் பீரோவை நகர்த்தியதும் அதே டோபமின்தான். ஸ்கூட்டரைச் சரிசெய்ய வைத்ததும் பீரோவை நகர்த்த வைத்ததும் ஒரே நீரோட்டம். ஐந்தாம் நாளில் அது அளவாக இருந்தது, பன்னிரண்டாம் நாளில் கரை மீறியது.

அதனால் உண்மையான தம்பி யார் என்ற கேள்விக்கு என் பதில் இது: ஐந்தாம் நாள் பார்த்தவரும் அவர்தான், இன்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரும் அவர்தான். ஐந்தாம் நாளுக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்த முடியுமா என்பதுதான் சிகிச்சையின் வேலை. பெரும்பாலும் முடியும், மெதுவாக.

மாத்திரையை முழுசாக நிறுத்துவது இப்போதைக்கு வழியில்லை. 2012இல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் திரும்பியது, மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேருக்குத் திரும்பியது. தம்பிக்கு ஏற்கெனவே ஒருமுறை பன்னிரண்டே நாளில் திரும்பிவிட்டது. முழுக் குணம் தெரிந்தபிறகும் ஒன்றிரண்டு வருஷமாவது தொடர வேண்டியிருக்கும்.

ஆனால் அளவைப் பற்றிப் பேசலாம், பேச வேண்டும். அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முகத்தில் அசைவு குறைந்திருக்கிறதா, நடக்கும்போது கை வீசுகிறாரா, எச்சில் ஒழுகுகிறதா, உட்கார முடியாமல் தவிக்கிறாரா, எடை எவ்வளவு கூடியது. "6 மி.கி. இவனுக்குத் தேவைக்கு மேல் இருக்குமா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாமா, நடுக்க மாத்திரை இன்னும் வேண்டுமா" என்று நேராகவே கேளுங்கள். கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. குறைப்பதென்றால் வாரக் கணக்கில், மாதக் கணக்கில், சின்னச் சின்னப் படியாக. சர்க்கரையும் கொழுப்பும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும், ஆண்களுக்கு அதனால் பாலுறவு விருப்பம் குறையலாம், மார்பு லேசாகப் பெருகலாம். அக்காவிடமோ அம்மாவிடமோ எந்தத் தம்பியும் இதைச் சொல்லமாட்டார். டாக்டரோடு தனியாகப் பேச அவருக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள். இது வெளியே வராமல், அதனாலேயே மாத்திரையை ரகசியமாகத் துப்பிய இளைஞர்களை எனக்குத் தெரியும்.

வேறு மருந்துக்கு மாறும் பேச்சும் வரலாம். அரிபிப்ரசோல் என்று ஒன்று உண்டு. அது வெறும் துண்டில்லை, அரை டிக்கெட் பயணி மாதிரி. சீட்டிலும் உட்காரும், கொஞ்சம் செய்தியும் அனுப்பும். அதனால் சிலருக்கு இந்த மந்தம் குறைகிறது, புரோலாக்டின் தொல்லையும் இல்லை. ஆனால் சிலருக்கு உட்கார விடாத பரபரப்பைத் தரும், மாற்றும் வாரங்களில் கவனமும் வேண்டும். எது பொருந்தும் என்பது அவரை நேரில் பார்ப்பவர் சொல்ல வேண்டியது.

பட்டறைக்கு வருவோம். உந்துதல் உள்ளிருந்து வராதபோது அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், எப்போதும் இல்லை, ஆரம்பத்தில் மட்டும். பட்டறை முதலாளி அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரத்துக்கு இடம் கேளுங்கள். ஒரே நேரம், ஒரே வேலை. முதலில் ஆயில் மாற்றுவது, பிளக் கழற்றிச் சுத்தம் செய்வது மாதிரி கைக்கு ஊறிய வேலைகள். அவர் கிளம்பும் நேரத்துக்கு அண்ணனே போன் செய்து, "தம்பி, ஒரு ஆக்டிவா வந்திருக்கு, வா" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. கூலியை மாசக் கடைசிக்கு வைக்காமல் அன்றே, வேலை முடிந்த கையோடு கையில் கொடுக்கட்டும், அம்பது ரூபாயானாலும் சரி. டோபமின் மங்கியிருக்கும் மூளைக்கு முப்பது நாள் தள்ளி வரும் ஐயாயிரத்தைவிட இப்போது கையில் விழும் அம்பது பெரியது. கோளாறு கண்டுபிடிக்கும் வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிறகு ஒருநாள் ஒரு வண்டியை உதைத்து, "என்ன சவுண்டுன்னு பாரு" என்று சும்மா அவர் முன்னால் விடச் சொல்லுங்கள். அவர் பெருமைப்படும் இடம் அது.

உதவி வேண்டுமென்றால், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் இந்த மாத்திரைகள் இலவசம், உளவியலாளர்களும் இருக்கிறார்கள். அண்ணா நகரில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களுக்கு வேலைப் பயிற்சியும் குடும்பங்களுக்கு ஆலோசனையும் தருகிறது. ராத்திரி நேரத்தில் தூக்கம் போய், பயம் ஏறுகிற மாதிரி தெரிந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குத் தமிழிலேயே பேசலாம், இலவசம். தற்கொலைப் பேச்சோ யாரையாவது தாக்கும் நிலையோ வந்தால் போனில் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். எழுதும்போது, குப்பை வண்டிப் பாட்டு கேட்ட நேரத்தில் கதவு சாத்தியிருந்ததா, ஒருக்களித்திருந்ததா, திறந்திருந்ததா என்று தேதி போட்டுக் குறித்து அனுப்புங்கள்.